பழைய ஆம்பிளிபயருக்கு ஏற்ற புதிய ஒலிபெருக்கி

பள்ளிகளிலும், பயிற்சி நிலையங்களிலும், கிராமப் பொது மண்டபங்களிலும் உள்ள ஒலிச் சாதனங்களுள் முதலில் பழுதடைவது பெரும்பாலும் ஒலிபெருக்கியே ஆகும். ஆம்பிளிபயர் இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் குறையின்றி இயங்கிக் கொண்டிருக்கும்; அதனுடன் வாங்கிய ஒலிபெருக்கிகளிலோ கூம்பைச் சுற்றியுள்ள நுரைப்பட்டை பொடிந்து உதிர்ந்திருக்கும். கடலோரத்து ஈரக் காற்றும், வறண்ட மாநிலங்களின் புழுதியும், களஞ்சிய அறையின் எலியும் ஆம்பிளிபயரின் உலோகப் பெட்டியை விடக் காகிதக் கூம்பையே விரைவில் தாக்குகின்றன. எனவே, இருக்கின்ற ஆம்பிளிபயரை வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை மட்டும் புதிதாக வாங்க வேண்டிய நிலை ஆசிரியருக்கும் களப் பணியாளருக்கும் அடிக்கடி ஏற்படுகிறது.

அப்போது கடைக்குச் சென்று, "நல்ல ஒலிபெருக்கி எது?" என்று கேட்பது பொருந்தாத கேள்வியாகும். "இந்த ஆம்பிளிபயருக்கு ஏற்ற ஒலிபெருக்கி எது?" என்பதே கேட்கத்தக்க கேள்வி. விலை மிகுந்ததும் புகழ்பெற்றதுமான ஒரு ஒலிபெருக்கி, பொருத்தமில்லாத ஆம்பிளிபயருடன் இணைக்கப்பட்டால், கடைசி வரிசைக்குக் கேட்காமல் போகலாம். அல்லது ஆம்பிளிபயரையே எரித்துவிடலாம். பொருத்தம் பார்ப்பதற்குக் கடினமான கணிதம் எதுவும் தேவையில்லை. உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கப்படும் ஓம் விதியும், சிறிது டெசிபல் கணக்கும் போதும்.

மக்கள் வழக்கில் முழுச் சாதனத்தையுமே ஒலிபெருக்கி என்று கூறுவதுண்டு. இக்கட்டுரையில் அச்சொல், கூம்பும் காந்தமும் அடங்கிய பெட்டியை, அதாவது ஸ்பீக்கரை, மட்டுமே குறிக்கும்.

ஒலிபெருக்கி என்னும் சுமை

இன்று நாம் பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அமைப்பு, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் வழிவந்ததாகும். ஒரு நிலைக்காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. அச்சுருள் கூம்பின் அடியில் ஒட்டப்பட்டுள்ளது. ஆம்பிளிபயரிலிருந்து வரும் மாறுமின்னோட்டம் சுருளில் பாயும்போது, சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் அதனுடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஆம்பிளிபயரின் பார்வையில் இந்தச் சுருள் ஒரு சுமை. அது எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதை அதன் மின்மறுப்பு தீர்மானிக்கிறது. மின்மறுப்பு ஓம் என்ற அலகால் அளக்கப்படுகிறது. ஒலிபெருக்கியின் முதுகில் 4, 6, 8, 16 எனப் பொறிக்கப்பட்டிருக்கும் எண் அதுவே. எண் குறையக் குறையச் சுமை கூடும். புதிதாகப் பயில்பவர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது உண்டு. நான்கு ஓம் எட்டு ஓமை விடச் சிறியது, ஆகவே எளியது என்று எண்ணுவர். குழாயின் வாயை அகலமாகத் திறந்தால் தொட்டி விரைவில் வற்றுவதை நினைவிற்கொண்டால் இக்குழப்பம் தீரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஆம்பிளிபயரின் பின்புறத்தில், ஒவ்வொரு பக்கத்திற்கும் 8 ஓமில் 40 வாட் என்று எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்மறுப்பால் வகுத்த ஈவு. 40-ஐ 8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், முழுத் திறனில் ஆம்பிளிபயர் தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 17.9 வோல்ட் என்பது தெரிகிறது. 8 ஓம் ஒலிபெருக்கியில் அப்போது பாயும் மின்னோட்டம் சுமார் 2.2 ஆம்பியர். அதே ஆம்பிளிபயருடன் 4 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால், அதே மின்னழுத்தத்தில் சுமார் 4.5 ஆம்பியர் பாய முயலும். 80 வாட் கேட்கப்படும். இவ்வளவு மின்னோட்டத்தைத் தருமாறு ஆம்பிளிபயர் அமைக்கப்பட்டிருக்கவில்லையெனில், அதன் மின்மாற்றியும் டிரான்சிஸ்டர்களும் அளவுமீறிச் சூடேறும். பாதுகாப்புச் சுற்று உள்ள கருவி தானாக நின்றுவிடும். அது இல்லாத கருவி நிற்பதும் உண்டு; ஆனால் மறுபடி இயங்காது.

மாறாக, 16 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் 1.1 ஆம்பியர் மட்டுமே பாயும். திறன் 20 வாட்டாகக் குறையும். ஒலியில் 3 டெசிபல் இழப்பு ஏற்படுமேயன்றி, டிரான்சிஸ்டர் ஆம்பிளிபயருக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆகவே விதி எளியது: ஆம்பிளிபயரில் குறிக்கப்பட்ட மிகக் குறைந்த ஓம் எண்ணுக்குக் கீழே ஒருபோதும் செல்லலாகாது, மேலே செல்லலாம். "4 முதல் 16 ஓம்" என்று எழுதியிருந்தால் எதையும் வாங்கலாம். "8 ஓம்" என்று மட்டும் இருந்தால் 4 ஓம் ஒலிபெருக்கி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று விடுத்தல் நன்று.

வால்வுகளால் இயங்கும் பழைய ஆம்பிளிபயர் எங்கேனும் எஞ்சியிருந்தால் அதற்கு வேறு ஒழுங்கு உண்டு. அதன் வெளியீட்டு மின்மாற்றியில் 4, 8, 16 எனத் தனித்தனி முனைகள் இருக்கும். ஒலிபெருக்கியின் எண்ணுக்கு நேரான முனையில் இணைக்க வேண்டும். வால்வுக் கருவியை ஒலிபெருக்கி இல்லாமல் இயக்குவது மிக ஆபத்தானது; மின்மாற்றியில் உயர் அழுத்தம் தோன்றி அதன் சுருள் பழுதாகும். டிரான்சிஸ்டர் கருவிக்கு ஒலிபெருக்கி இல்லாமையால் கேடில்லை. இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடுவதே அதற்குப் பகை.

இன்னொன்றும் கூறவேண்டும். "8 ஓம்" என்பது ஒரு பெயரளவு எண்ணே. மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். கூம்பின் இயல்பான அதிர்வெண்ணில் அது 20 அல்லது 30 ஓம் வரை உயரும். பின்னர்த் தாழ்ந்து, மீண்டும் மேல் அதிர்வெண்களில் ஏறும். பன்னாட்டு மின்தொழில் ஆணையத்தின் தரநிலைப்படி, மிகத் தாழ்ந்த இடத்திலும் அது பெயரளவு எண்ணில் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையக் கூடாது. அதாவது 8 ஓம் ஒலிபெருக்கி 6.4 ஓமுக்குக் கீழே இறங்கலாகாது. எல்லாத் தயாரிப்பாளரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. ஆகவே விளக்கத்தாளில் "குறைந்தபட்ச மின்மறுப்பு" என்ற எண் இருந்தால் அதைத் தேடிப் படிக்கவேண்டும்.

எண் அழிந்துபோன பழைய ஒலிபெருக்கியை மல்டிமீட்டரால் அறியலாம். மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத் தடையை. அது மின்மறுப்பை விடச் சற்றுக் குறைவாக இருக்கும். 6 அல்லது 7 ஓம் காட்டினால் அது 8 ஓம் ஒலிபெருக்கி. 3 முதல் 3.5 வரை காட்டினால் 4 ஓம். முள் அசையவே இல்லையெனில் சுருள் அறுந்துவிட்டது. சுருள் நன்றாக இருந்து, கூம்போ ஓரப்பட்டையோ மட்டும் கெட்டிருந்தால் புதியது வாங்கும் எண்ணத்தைச் சற்று ஒத்திவைக்கலாம். சென்னை ரிச்சி தெரு, டில்லி லஜபதராய் மார்க்கெட், மும்பை லாமிங்டன் சாலை போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் உதிரிப் பாகங்கள் கிடைக்கும். கூம்பு மாற்றித் தரும் கைவினைஞர் பல நகரங்களில் உள்ளனர். நல்ல காந்தமும் கனத்த மரப்பெட்டியும் கொண்ட பழைய ஒலிபெருக்கியைப் புதுப்பிப்பது, மெல்லிய பெட்டியில் அடைத்த மலிவான புதியதை வாங்குவதினும் மேலானது என்பது என் கருத்து.

ஒரு ஆம்பிளிபயருடன் இரண்டு மூன்று ஒலிபெருக்கிகளை இணைக்க விரும்புவோர் பக்க இணைப்பில் மின்மறுப்பு குறையும் என்பதை மறக்கலாகாது. இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகள் பக்க இணைப்பில் 4 ஓமாகவும், தொடர் இணைப்பில் 16 ஓமாகவும் ஆகும். நான்கு ஒலிபெருக்கிகளை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு தொகுதிகளைப் பக்கமாகச் சேர்த்தால் மறுபடியும் 8 ஓமே கிட்டும். ஆனால் வெவ்வேறு வகை ஒலிபெருக்கிகளைத் தொடரில் இணைத்தல் கூடாது. ஒன்றின் மின்மறுப்பு ஏறும் அதிர்வெண்ணில் மற்றொன்று பட்டினி கிடக்கும்.

ஒரு வாட்டுக்கு எவ்வளவு ஒலி?

ஓம் எண் பொருந்திவிட்டால் கருவிக்கு ஆபத்து நீங்கியது. இனி, பின்வரிசை மாணவனுக்குக் கேட்குமா என்பதைப் பார்க்க வேண்டும். வாங்குபவர்கள் மிகக் குறைவாகக் கவனிக்கும் எண்ணும் இதுவே. என் மதிப்பில் மிகவும் பயனுள்ள எண்ணும் இதுவே.

ஒலிபெருக்கிக்கு ஒரு வாட் திறன் கொடுத்து, அதன் முன்னே ஒரு மீட்டர் தொலைவில் ஒலியின் அளவை டெசிபலில் கண்டால் அது அந்த ஒலிபெருக்கியின் உணர்திறன் எனப்படும். வீடுகளுக்கும் அறைகளுக்கும் உரிய ஹை-ஃபை ஒலிபெருக்கிகளில் இது பெரும்பாலும் 84 முதல் 92 வரை இருக்கும். இந்த எட்டு டெசிபல் வேறுபாடு காகிதத்தில் அற்பமாகத் தோன்றும். உண்மையில் அது அற்பமன்று. டெசிபல் கணக்கில் 3 கூடினால் திறன் இருமடங்கு. 6 கூடினால் நான்கு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு.

பள்ளியின் திறந்த முற்றத்தில், ஒலிபெருக்கியிலிருந்து 8 மீட்டர் தொலைவில் மாணவர்கள் அமர்ந்து பதிவு செய்யப்பட்ட பாடம் ஒன்றைக் கேட்பதாகக் கொள்வோம். சாதாரணப் பேச்சு அங்கே 70 டெசிபல் அளவில் கேட்க வேண்டும். பேச்சிலும் இசையிலும் எழும் திடீர் உயர்வுகளுக்கு இன்னும் 15 டெசிபல் இடம் வைக்கவேண்டும். ஆக 85 டெசிபல் தேவை. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரிலிருந்து 2, 4, 8 என மூன்று முறை இரட்டிப்பதால் 18 டெசிபல் போய்விடும். எனவே ஒரு மீட்டரில் 103 டெசிபல் வேண்டும்.

உணர்திறன் 84 உள்ள ஒலிபெருக்கி இதைத் தரவேண்டுமாயின் 19 டெசிபல் ஏற்றம், அதாவது ஏறத்தாழ 80 வாட், தேவைப்படும். உணர்திறன் 90 உள்ளதற்கு 13 டெசிபல் ஏற்றம், அதாவது 20 வாட், போதும். நம்மிடம் உள்ளதோ 40 வாட் ஆம்பிளிபயர். முதல் ஒலிபெருக்கிக்கு அது போதாது. இரண்டாவதற்குத் தாராளமாகப் போதும். ஆம்பிளிபயர் மாறவில்லை, செலவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றில் பாடம் கேட்கும், மற்றொன்றில் கேட்காது. நாற்புறமும் சுவருள்ள வகுப்பறையில் எதிரொலி துணை செய்வதால் இழப்பு 18 டெசிபல் அளவுக்கு இராது.

இங்கே ஒரு கண்ணி உண்டு. சில விளக்கத்தாள்களில் ஒரு வாட் என்பதற்குப் பதிலாக 2.83 வோல்ட் என்று குறித்திருப்பர். 8 ஓம் ஒலிபெருக்கியில் அது சரியாக ஒரு வாட்டே. 4 ஓம் ஒலிபெருக்கியில் அதுவே இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 2.83 வோல்ட் முறையில் 90 என்று எழுதியிருந்தால், வாட் கணக்கில் அது 87 தான். இரண்டு விளக்கத்தாள்களை ஒப்பிடுமுன் அளவிட்ட முறை ஒன்றுதானா என்று பார்க்கவேண்டும்.

உணர்திறன் மிகுந்ததையே எப்போதும் வாங்கலாமே என்று கேட்கலாம். சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்சுருதி, உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிட்டுவதில்லை. இரண்டைப் பெற மூன்றாவதை இழக்கவேண்டும். சிறு பெட்டியில் மிருதங்கத்தின் இடந்தலையை முழங்கச் செய்யும் ஒலிபெருக்கி ஆம்பிளிபயரிடம் மிகுந்த திறனைக் கேட்கும். பேச்சின் தெளிவு பெரும்பாலும் 500 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அடங்கியுள்ளது. ஆகையால் பாடத்திற்கென வாங்குபவர் தாழ்சுருதியைச் சற்று விட்டுக்கொடுத்து, உணர்திறனைப் பெறுவதே தக்கது. இசை வகுப்புக்கென வாங்குவோர் இடம் இருந்தால் பெரிய பெட்டியைத் தேர்ந்தெடுக்கலாம்.

மைதானத்தில் கட்டும் ஊதுகுழல் வடிவ ஒலிபெருக்கிகளின் உணர்திறன் 105 முதல் 110 டெசிபல் வரை உள்ளது. 84 டெசிபல் உள்ளதற்கும் 108 உள்ளதற்கும் இடையே திறன் கணக்கில் ஏறத்தாழ 250 மடங்கு வேறுபாடு! குறைந்த வாட்டில் ஊர் முழுவதும் கேட்பதன் காரணம் இதுவே. ஆனால் அவை தாழ்சுருதியைத் தருவதில்லை, இசைக்கு உகந்தவையல்ல. அவற்றுள் பல 100 வோல்ட் முறையில் இயங்குபவை. உள்ளே ஒரு சிறு மின்மாற்றி இருக்கும். அங்கே ஓம் கணக்கு வேண்டாம். எல்லா ஒலிபெருக்கிகளின் வாட் எண்களையும் கூட்டினால் வரும் தொகை ஆம்பிளிபயரின் வாட்டுக்கு மேற்படாதிருந்தால் போதும். 60 வாட் ஆம்பிளிபயருக்கு 15 வாட்டில் நான்கு கட்டலாம். ஆனால் சாதாரண 8 ஓம் பெட்டியை அந்த 100 வோல்ட் முனையில் மாட்டினால், அது 1250 வாட் கேட்கும் சுமையாகிவிடும். சுருளும் கருவியும் ஒருங்கே அழியக்கூடும். திறந்த வெளியில் இவற்றைப் பயன்படுத்துவோர், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன என்பதையும், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

வாட் எண்ணும் விளம்பரமும்

ஒலிபெருக்கியின் மீது எழுதப்படும் வாட், அது எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதைக் கூறுகிறதேயன்றி, எவ்வளவு ஒலி தரும் என்பதைக் கூறவில்லை. நாம் கொடுக்கும் மின்திறனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஒலியாகிறது. எஞ்சியது சுருளைச் சூடாக்குகிறது. தாங்கும் வாட் ஆம்பிளிபயரின் வாட்டுக்குச் சமமாகவோ, அதன் இருமடங்கு வரையிலோ இருந்தால் போதுமானது.

சிறிய ஆம்பிளிபயர் பெரிய ஒலிபெருக்கியைக் கெடுக்காது என்று பலர் நம்புகின்றனர். இது முழு உண்மையன்று. ஒலி போதவில்லையென்று குமிழைக் கடைசி வரை திருப்பும்போது ஆம்பிளிபயரின் மின்னழுத்தம் எல்லையை முட்டி, அலையின் முகடுகள் வெட்டுண்டு சதுர வடிவாகின்றன. முற்றிலும் சதுரமான அலை, அதே உச்சமுள்ள சைன் அலையைப் போல் இருமடங்கு திறனைக் கொண்டது. அதில் மேல் அதிர்வெண்களும் மிகுதி. அவை நேராக ட்வீட்டர் என்னும் சிறு ஒலிபெருக்கியைச் சென்றடைந்து அதன் மயிரிழைச் சுருளை எரிக்கின்றன. ஒலி கரகரக்கத் தொடங்கியவுடன் குமிழைக் குறைக்க மாணவர்களுக்குப் பழக்கவேண்டும்.

பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளுடன் ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்ட பெட்டிகளைப் பற்றி ஒரு வரி போதும்: அந்த எண்ணுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறை எதுவும் இல்லை. மின்சாரம் தரும் அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே செல்வது 18 வாட். தொடர்ந்து அதற்கு மேல் வெளியே வருதல் இயலாது. மாணவர்களைக் கொண்டே இதைக் கணக்கிடச் செய்யலாம். நல்ல பாடமாக அமையும்.

கம்பியும் இணைப்பும்

20 மீட்டர் தொலைவிலுள்ள ஒலிபெருக்கிக்குப் போக வர 40 மீட்டர் கம்பி வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் அதன் தடை சுமார் 0.7 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியில் இதனால் இழப்பது 0.7 டெசிபல், பொறுத்துக்கொள்ளலாம். அரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியானால் தடை இருமடங்காகும். கூம்பின் அசைவை ஆம்பிளிபயர் கட்டுப்படுத்தும் ஆற்றலும் குறைந்து, தாழ்சுருதி தளர்ந்து கேட்கும். இதற்கு மேல் விலையுயர்ந்த கம்பி வாங்குவது வீண்.

இணைக்குமுன் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். முறுக்கிய கம்பியின் ஓரிழை அடுத்த முனையைத் தொட்டாலும் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். இக்காலத்துச் சிறு ஆம்பிளிபயர்களுள் சிலவற்றில் கறுப்பு முனையும் மின்னழுத்தம் உடையது. ஆகவே கம்பியை மிச்சப்படுத்தக் கருதி இரு பக்கத்துக் கறுப்பு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தல் எக்காரணத்தாலும் கூடாது.

இரு ஒலிபெருக்கிகளும் ஒரே திசையில் அசைகின்றனவா என்பதை 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றால் அறியலாம். ஆம்பிளிபயரிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியின் சிவப்பு முனையில் மின்கலத்தின் நேர்முனையையும், கறுப்பு முனையில் எதிர்முனையையும் ஒரு கணம் தொட்டால், பெரிய கூம்பு வெளிப்புறமாக நகரவேண்டும். ஒன்று வெளியேயும் மற்றொன்று உள்ளேயும் சென்றால், ஒன்று தள்ளும் காற்றை மற்றொன்று இழுத்துக்கொள்ளும்; தாழ்சுருதி மறைந்து, பாடகர் எங்கோ சுவருக்கு வெளியே நின்று பாடுவது போலத் தோன்றும். அப்படியிருப்பின் ஒன்றின் கம்பிகளை மட்டும் இடம் மாற்றவேண்டும். பிறகு ஒலிக்குமிழைச் சுழியத்தில் வைத்துக் கருவியை இயக்கி, மெல்ல உயர்த்தி, வழக்கமான அளவில் அரைமணி நேரம் பாடவிட்டு, ஆம்பிளிபயரின் வெப்பத் தகட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கை வைத்துப் பொறுக்க முடியாத சூடு இருந்தால் ஓம் கணக்கை மறுபடி சரிபார்க்கவேண்டும். சூடு அளவாக இருந்தால், ஒலிபெருக்கியின் ஓம் எண்ணையும், இணைத்த தேதியையும், குமிழ் இதற்கு மேல் திருப்பலாகாது என்ற கோட்டையும் ஆம்பிளிபயரின் முகப்பிலேயே ஒட்டி வைத்துவிடலாம். அடுத்து அந்தப் பொறுப்பை ஏற்பவருக்கு மீட்டர் தேட வேண்டியிராது.